எழுதிப் பார்க்காத பேனாக்கள்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகள்கூட எடுக்காத மேஜையில், என் மகள் ரூபி ஒரு பேனாவின் மூடியைத் திருகித் திறந்தாள்.

நான் கடைந்து செய்த பேனா. அவள் அம்மாவின் சப்பாத்திக் கட்டையிலிருந்து வந்தது. சர்ச்சில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளே கேட்டுச் செய்யச் சொன்னது.

தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு, தன் பெயரை எழுதினாள். முதல் எழுத்தில் பாதி விழுந்தது. இரண்டாவது எழுத்து விழவே இல்லை. அழுத்தினாள். நிப் தாளைக் கீறிக்கொண்டு போய், மேஜை விரிப்பில் ஒரு பெரிய பொட்டு மையைக் கக்கிவிட்டு நின்றது.

உதறிப் பார்த்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி கீறல்.

"பரவால்லப்பா" என்றாள். "நான் சும்மா கையில வச்சிருந்தா போதும். சைன் போட வேற பேனா எடுத்துக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அம்மா மாதிரியே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் மேஜை விரிப்பில் பரவிக்கொண்டிருந்த மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார் போய் லேத் வந்தது

'இந்தத் தொடரில் வாராவாரம் உங்கள் ஆபீஸ் புராணமே பாடுகிறீர்கள், வீட்டில் ஒன்றும் நடக்கவில்லையா?' என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். நியாயம்தான். இந்த வாரம் ஆபீஸ் பக்கமே போகப்போவதில்லை.

ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம் காரை விற்றது. இரண்டாவது காரியம், கார் நின்ற இடத்தில் மரம் கடையும் ஒரு சின்ன லேத் இயந்திரம் வாங்கி வைத்தது. சேலையூரில் எங்கள் தெருவில் இன்றைக்கும் என்னை "மரத்தூள் அங்கிள்" என்றுதான் சொல்கிறார்கள். மாடியில் குடியிருந்தவர்கள் கொடியில் துணி போடுவதற்கு முன் எட்டிப் பார்த்து, "அங்கிள், இன்னைக்கு உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள்.

என் மனைவி சாந்தா பள்ளிக்கூட டீச்சர். எதையும் மார்க் போட்டுத்தான் பார்ப்பாள். "மரத்தூள் ரசத்துல விழாத வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று சொன்னாள். ஒருநாள் விழுந்தது. மிளகுப்பொடி என்று நினைத்து நானே இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டேன். அதை அவள் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

முதலில் பம்பரம் கடைந்தேன். அப்புறம் கிண்ணம். அப்புறம்தான் பேனா. இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற எல்லாரும் கடைசியில் பேனாவில்தான் வந்து விழுவார்கள். ஒரு சாண் மரம் போதும், ஒரு நாளில் முடிந்துவிடும், பார்க்கிறவர்கள் "நீங்களே செஞ்சதா!" என்று வாயைப் பிளப்பார்கள். அந்தப் பிளந்த வாயைப் பார்க்கத்தான் செய்கிறோம் என்பதை ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

நான் செய்த முதல் பேனாவைச் சாந்தாவுக்குத்தான் கொடுத்தேன். அவள் அதைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பேப்பர் திருத்த அதே பழைய சிவப்பு பால்பாயின்ட். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பத்திரமாகப் பூட்டி வைப்பதுதான் பெரிய மரியாதை என்று நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சபை

ஞாயிறு ஆராதனை முடிந்து, தெருவில் மட்டன் குழம்பு வாசனை கிளம்பும் நேரத்தில் எங்கள் இன்னொரு சபை கூடும். லேத்தைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர் வேணு வருவார். கிழக்குத் தாம்பரத்தில் பல் டாக்டராக இருக்கும் மெர்சி வருவார். வேறு சிலரும் வந்து போவார்கள். எங்களில் யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஒருத்தரும் இதுவரை ஒரு பேனாவை விற்றதில்லை. ஆனால் விற்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு அபிப்பிராயம் நிறைய.

ஒரு பேனா வந்தால் அதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. மரமும் உலோக வளையமும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்ட வேண்டும். நகம் தட்டினால் செய்தவர் தோற்றார். பிறகு மூடியைக் கழற்றிப் போன் டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணாடி மேல் உருட்டிவிட வேண்டும். தள்ளாடாமல் ஓடினால் பாஸ்.

இன்னொரு சட்டமும் உண்டு. லேத் இருக்கும் இடத்துக்கு மை பாட்டில் வரக் கூடாது. வெளிர் மரத்தில் ஒரு சொட்டு பட்டால் ஒருநாள் உழைப்பு போச்சு. ஒருமுறை அப்படி ஆகி, மெர்சி டாக்டர் ஒரு மாதம் வேணுவோடு பேசவில்லை. அதிலிருந்து இந்தச் சட்டம். இவ்வளவு கறாரான சோதனையில் ஒரு முக்கியமான கேள்வி விட்டுப்போயிருந்தது என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஸ்கூட்டி விலைப் பேனா

ரூபிக்கு மாப்பிள்ளை ஜோயல். அவருடைய தாய்மாமன் எட்வின், நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவி. கல்யாணத் தேதி குறிக்க வந்த அன்றைக்கு என் அலமாரியில் வரிசையாக நின்ற பேனாக்களைப் பார்த்துவிட்டார். கண் விரிந்தது. "சார், எனக்கும் பேனான்னா பைத்தியம். அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாமா?" என்று கேட்டார்.

வந்தார். கையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் வெல்வெட். வெல்வெட்டுக்குள் ஒரு மரப் பேனா. வெளிநாட்டில் யாரோ கையால் கடைந்தது. விலையைக் கேட்டுத் தொலைத்தார் வேணு. அந்த விலைக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கலாம்.

அவ்வளவுதான். சபை கூடிவிட்டது. பேனா கை மாறி கை மாறிப் போனது. நகம் ஓடியது. டார்ச் அடித்தது. கண்ணாடியில் உருண்டது.

"இன்னா சார் இது" என்று வேணு ஆரம்பித்தார். "ஒரு துண்டு கட்டை. உள்ள ஒரு பித்தளைக் கொழா. இதுக்குப் போயி ஸ்கூட்டி வெலையா? பொட்டியப் பாரு, மெத்த போட்டு வச்சிகீறான். பொட்டிக்குத்தான் சார் காசு குடுத்துகீறீங்க."

மெர்சி டாக்டர் நிதானமாகச் சொன்னார். "ஜாயின்ட் நல்லாருக்கு. நகம் தட்டல. ஆனா இந்த ஃபினிஷிங்கை நான் தினமும் கடைவாய்ப் பல்லுல குடுக்கறேன். யாரும் அதை வெல்வெட் பாக்ஸ்ல வச்சுப் பாக்கறதில்ல."

என் முறை வந்தது. நான் பார்த்தது மர ரேகையை. மூடியில் ஓடிய ரேகை அப்படியே உடம்பிலும் தொடர்ந்தது. மூடியை எங்கே வைத்துத் திருகினாலும் ரேகை ரேகையோடுதான் வந்து பொருந்தியது. எனக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அப்படி அமைந்ததில்லை. வயிறு எரிந்தது. "மோசமில்லை" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

எட்வின் சிரித்தார். கோபமே இல்லை. "யாராவது எழுதிப் பாத்தீங்களா சார்?"



"இங்க மை ஆவாது சார்" என்றார் வேணு, கோயிலுக்குள் செருப்பு ஆகாது என்கிற தோரணையில். எல்லாரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். எட்வினும் சிரித்தார், டீயும் குடித்தார்.

கட்டை

சாந்தா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுடைய சப்பாத்திக் கட்டை சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. தண்ணீரும் எண்ணெயும் மாறி மாறிப் பட்டு நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. மாவு விரிசலில் போய் ஒட்டிக்கொள்ளும். தேய்க்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

கல்யாணம் நிச்சயமானதும் ரூபி அதை எடுத்து வந்து லேத் மேல் வைத்தாள். "அப்பா, இதுல எனக்கு ஒரு பேனா செஞ்சு தருவீங்களா? சர்ச்சுல சைன் பண்ண."

உள்ளதைச் சொன்னால், பயந்தேன். விரிசலைத் தள்ளிப் பார்த்தால் ஒரு பேனாவுக்கு மட்டும்தான் நல்ல மரம் தேறும். தப்பினால் அவ்வளவுதான், சாந்தா இன்னொரு கட்டை தேய்த்துத் தரப்போவதில்லை. ஞாயிறு சபையில் வைத்தேன். அது என்ன மரம் என்பதிலேயே சண்டை வந்தது. வேணு ஈட்டி என்றார். மெர்சி டாக்டர் வேங்கை என்றார். ஆனால் துளை போடும் நேரம் வந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். துளை பக்கவாட்டில் பிய்த்துக்கொள்ளாமல் நேராக மறுபக்கம் வந்தது. "ஸ்தோத்திரம்" என்றேன். "ஆமென்" என்றார் வேணு. அவர் திருநீறு பூசுகிற ஆள்.

கடையும்போது ஒரு வாசனை வந்தது. சூடான மரத்திலிருந்து பழைய எண்ணெயும் கோதுமை மாவும் கலந்த வாசனை. லேத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் நிற்கவில்லை. அத்தனை வருஷ எண்ணெய் உள்ளே ஊறியிருந்தது. பூசப் பூச, வெயிலில் உரிந்த தோல் மாதிரிக் கழன்று வந்தது. கடைசியில் பூச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டு, பாலிஷ் தாளில் தேய்த்து, துணியால் துடைத்து முடித்தேன். நிப்பையும் மை இறங்கும் பகுதியையும் எப்போதும் போலத் தபாலில் வரவழைத்துத் திருகிவிட்டேன். சபை சோதித்தது. நகம் தட்டவில்லை. கண்ணாடியில் நேராக உருண்டது. வேணு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பெருமையில் எனக்குச் சட்டை பத்தவில்லை.

அந்தப் பேனாதான் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் காலண்டர் தாளைக் கீறியது.

எந்தக் கை?

மேஜையிலிருந்து எழுந்து முதலில் வேணுவுக்குப் போன் செய்தேன். "நிப்பா? நிப்பப் பத்தி எனக்கு இன்னா சார் தெரியும்?" என்றார். மெர்சி டாக்டரும் கையை விரித்தார். என் அலமாரியில் நிற்கும் பேனாக்களில் எதையாவது நான் எழுதிப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஊர்ப்பட்ட பேனா செய்திருக்கிறோம். அதில் ஒன்றாலும் ஒரு வரி எழுதியதில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். சம்பந்தி வீட்டு மனிதர். அவர் பேனாவை நாங்கள் கிழித்த கிழி அவருக்கு மறந்திருக்காது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். பிறகு ரூபியின் "பரவால்லப்பா" ஞாபகம் வந்தது. நம்பரை அழுத்திவிட்டேன்.

"சார், ஒரு சின்னப் பிரச்சனை. ரூபி கையெழுத்துப் போடற பேனா எழுதல."

"எந்தக் கடையில வாங்கினது சார்?"

"நான் செஞ்சது."

ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். "மையை மட்டும் கழுவி வச்சிடுங்க சார். கெளம்பிட்டேன்" என்றார்.

மேடவாக்கம் நெரிசலைத் தாண்டி எட்வின் வந்து சேர்ந்தபோது ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்து நிப்பைப் பார்த்தார். மரத்தைப் பார்க்கவே இல்லை. "நிப் நுனியில பிளந்திருக்கற ரெண்டு காலும் சமமா இல்ல. ஒண்ணு மேல நிக்குது. உள்ள ஃபேக்டரி எண்ணெயும் இருக்கும், அதான் மை இறங்கல." தலை நிமிராமல் கேட்டார். "ரூபி எந்தக் கையில எழுதுவாங்க?"



ரூபி இடது கைக்காரி. சின்ன வயதில் அவளுடைய ஸ்கூலில் ஒரு மிஸ் அவள் இடது கையைத் தட்டித் தட்டி வலது கையில் பென்சில் கொடுத்தார். சாந்தா அந்த ஸ்கூலுக்கே போனாள். சண்டை போடவில்லை. அந்த மிஸ்ஸிடம் சாக்பீஸைக் கொடுத்து, "உங்க பேரை இடது கையில போர்டுல எழுதுங்க மிஸ்" என்று கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரூபியின் கையை யாரும் தட்டவில்லை. இன்றைக்கு அவள் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கிறாள், போர்டில் இடது கையால் எழுதி. சாந்தாவுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன்களில் அதுவும் ஒன்று. இத்தனை வருஷம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அந்தக் கைக்குப் பேனா செய்யும்போது அதை ஒரு நொடி நினைக்கவில்லை.

"இடது கை" என்றேன்.

"அதான் சார் குத்துது. வலது கைக்காரங்க நாம பேனாவை இழுத்துக்கிட்டே போவோம். அவங்க தள்ளிக்கிட்டுப் போவாங்க. அந்தப் பக்கம் நிப்போட ஓரம் கூரா இருக்கு." ரூபியைக் கூப்பிட்டார். "நீ சும்மா எழுதும்மா. நான் உன் கையைப் பாத்துக்கறேன்."

பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டு எல்லாவற்றையும் கழுவினார். நிப்பின் கால்களை நகத்தால் நேராக்கினார். பிறகு, "உங்ககிட்ட ரொம்ப நைஸான பாலிஷ் தாள் இருக்கும்ல?" என்று கேட்டார். இல்லாமலா? மரத்தை மினுக்கவென்று கட்டுக் கட்டாக வைத்திருக்கிறேன். ஒன்றை நனைத்துக் கொடுத்தேன். அதன் மேல் நிப்பை வைத்து, கோலத்துச் சுழிபோல இரண்டு சுற்று. ரூபி எழுதினாள். மறுபடி இரண்டு சுற்று. மறுபடி எழுதினாள். காலண்டரின் பழைய நாட்கள் எல்லாம் தீர்ந்தன.

"ஏன் சார் அவ்வளவு விலை குடுத்து வாங்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

"மரத்துக்குக் குடுக்கல சார். நீங்க சொன்னது கரெக்ட்தான், மரத்துக்கு அந்த விலை இல்ல. யாரோ ஒருத்தர் பொறுமையா உக்காந்து எழுதிப் பாத்துட்டு அனுப்பறாங்கல்ல, அதுக்கு." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார். "பொட்டியும் பிடிக்கும் சார். பொய் சொல்லக் கூடாது."

திடீரென்று ரூபியின் கை வேகம் பிடித்தது. சாயங்காலம் வாங்க வேண்டிய சேஃப்டி பின், மல்லிகைப்பூ, மாத்திரை எல்லாவற்றையும் மடமடவென்று எழுதிக்கொண்டே போனாள். கீறல் சத்தம் இல்லை. எழுதி முடித்தும் பேனாவை மூடாமல், எதிர்வீட்டுக்காரர் பெயரையெல்லாம் எழுத ஆரம்பித்தாள். எட்வின் நாற்காலியில் சாய்ந்து, "சார், ஒரு காபி கெடைக்குமா?" என்றார். நான் போட்ட காபி நன்றாக இருக்காது. அன்றைக்குச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.

கையெழுத்து

சர்ச்சில் பாடகர் குழு பாட, மாப்பிள்ளையும் பெண்ணும் பதிவேட்டு மேஜைக்கு வந்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட நானும் பின்னால் நின்றேன். பேனா என் கோட்டுப் பையில் இருந்தது. மை கசிந்திருக்குமோ என்று வழிபாடு முழுக்கத் தடவித் தடவிப் பார்த்ததில் போதகரின் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கர்த்தர் மன்னிப்பார்.

போதகர் ஒரு பால்பாயின்ட்டை நீட்டினார். ரூபி தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் இடது கையை நீட்டினாள். கொடுத்தேன்.

குனிந்தாள். வெள்ளைப் புடவையின் தலைப்பு தாளில் படாமல் தோழி பிடித்துக்கொண்டாள். மை இறங்கியது. எல்லா இடத்திலும், ஒரு எழுத்து விடாமல், நீலமாக இறங்கியது. அவள் விரல்களுக்கு நடுவில் அந்தக் கட்டையைப் பார்த்தேன். மாவைத் திரட்டிய அதே மரம்.

ஜோயல் பேனாவுக்காகக் கையை நீட்டினார். ரூபி மூடியைத் திருகி மூடினாள். பேனாவைக் கைக்குள் வைத்து விரல்களை மடக்கிக்கொண்டாள். கொடுக்கவில்லை. யோசித்துச் செய்த மாதிரியே தெரியவில்லை. மாப்பிள்ளை நீட்டிய கையோடு நிற்க, போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க, முன்வரிசையிலிருந்து எட்வின் சத்தமில்லாமல் எழுந்து வந்து, தன் ஸ்கூட்டி விலைப் பேனாவைத் திறந்து ஜோயல் கையில் வைத்தார்.

"குடுத்துட்டாரு பாரு டாக்டர்!" என்று வேணு மெர்சி டாக்டரிடம் கிசுகிசுத்தது பாட்டையும் மீறி எனக்குக் கேட்டது.

அடுத்து நான். செய்தவன் என்ற உரிமையில் மகளிடம் கையை நீட்டினேன். அவள் கண் நிறைந்திருந்தது. மடக்கிய கையை மார்போடு சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்களும் எட்வின் அங்கிள் பேனாவுலயே போட்டுருங்கப்பா."

போட்டேன். அவ்வளவு வழவழப்பாக ஒரு பேனா என் கையில் ஓடியதே இல்லை. கோணல்மாணலாக விழுந்த அந்தக் கையெழுத்துக்குப் பேனா காரணமில்லை. எனக்குத் தாளே தெரியவில்லை.